கிளெம் எரிக்காத கடிதம்

பஸ் பணிமனை, ஹோப்ஸ்டன், ஷ்ராப்ஷயர்
9 அக்டோபர் 1984

எட்வின்,

அம்மா இறந்தபோது நீ அனுப்பிய அட்டைக்கே நான் பதில் போடவில்லை. இனிமேலும் உனக்கு எழுதுகிற எண்ணம் இருக்கவில்லை. நீதான் எழுத வைத்துவிட்டாய்.

ஞாயிறு மாலை உன் தொடரின் முதல் பகுதியைப் பார்த்தோம். 'மலைச்சாலை'. பேப்பரில் உன் பெயரைப் பார்த்ததும் தெல்மாதான், "பாக்கலாமே, உன் அண்ணன் எழுதினதாச்சே" என்றாள். நான் பெருமையோடு உட்கார்ந்தேன் என்று சொன்னால் நம்புவாயா? பத்து நிமிடம் வரைக்கும் பெருமைதான். அப்புறம் ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்தான். அச்சு அசல் நான் சொறிகிற மாதிரி. அந்த நடிகனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

அண்ணன்காரன் லண்டனுக்குப் போகிறான். நிச்சயம் பண்ணிக்கொண்ட பெண்ணிடம், வேலை அமைந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். தம்பிக்காரன் அந்தப் பெண்ணைத் தினமும் காலை எட்டுப் பத்துக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஏற்றி லட்லோவில் கையுறை தைக்கும் ஆலையில் இறக்கிவிடுகிறான். மலையை மாற்றவில்லை, பஸ் கிளம்புகிற நேரத்தைக்கூட மாற்றவில்லை. பேரை மட்டும் மாற்றியிருக்கிறாய். நான் ரே. தெல்மா ஆன். நீ ஜூலியன். ஜூலியனாம்!

மறுநாள் காலை மிஸஸ் பெவன் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள். "கிளெம் கண்ணு, நேத்து உன்ன டிவியில பாத்தேன். நேர்லதான் கொஞ்சம் குண்டா இருக்க." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும்போது மனுஷன் வேறு என்ன செய்ய முடியும்?

தெல்மா சிரிக்கவில்லை. தொடர் முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். "நல்லா எழுதறான்" என்றாள். அவ்வளவுதான்.

நீ எழுபத்து மூன்று ஏப்ரலில் போனாய். அந்தக் கோடை முழுக்க அவள் தபால்காரரை விசாரித்தாள். அறுவடை முடிந்ததும் விசாரிப்பதை நிறுத்தினாள். அடுத்த வருஷம் மே மாதம் எங்களுக்குக் கல்யாணம். இதில் டிவியில் காட்ட என்ன இருக்கிறது? மிச்ச இரண்டு பகுதியை நிறுத்த முடியுமா? வீட்டுக்குப் போன் பண்ணாதே, அவள்தான் எடுப்பாள். பணிமனை முகவரிக்கு எழுது.

கிளெம்

*

கேம்டன், லண்டன்
12 அக்டோபர்

அன்புள்ள கிளெம்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். பிரித்துப் படித்ததும் அது போய்விட்டது.

இது கதை, கிளெம். எழுதுகிறவன் தனக்குத் தெரிந்த ஊரிலிருந்துதான் எடுப்பான். அதற்காக ரே நீ ஆகிவிட மாட்டான், ஆன் தெல்மா ஆகிவிட மாட்டாள். ஊரார் அப்படிப் பார்த்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. நிறுத்தச் சொல்வதெல்லாம் நடக்காது. மூன்று பகுதியும் ஜூன் மாதமே எடுத்து முடித்தாயிற்று. நான் கத்தினாலும் அங்கே யாரும் காது கொடுக்க மாட்டார்கள். என் வேலை எழுதிக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது.

ஒன்று செய். இந்த ஞாயிறு தெல்மாவை எங்காவது அழைத்துக்கொண்டு போ. இரண்டாம் பகுதியை அவள் பார்க்க வேண்டாம். காரணம் கேட்காதே. கதைக்கு ஒரு முடிச்சு தேவைப்பட்டது, போட்டேன்.

எட்வின்

*

பணிமனை
16 அக்டோபர்

எட்வின்,

நீ சொன்னபடியே செய்தேன். சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. ஞாயிறு அவளை அவள் அக்கா டோரீன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். டோரீன் ஆட்டுக்கறி வறுத்து வைத்திருந்தாள், கூடவே புதினா சாஸ். சாப்பிட்டு முடிந்ததும், "சீக்கிரம் வாங்க, ஆரம்பிச்சிடும்" என்று டிவியைப் போட்டாள். ஆறு பேர் சோபாவில் நெருக்கி உட்கார்ந்தோம். எழுந்து போக வழியில்லை.

லட்லோவிலிருந்து தபால் பை ரேயின் பஸ்ஸில் வருகிறது. ரே பையைத் திறக்கிறான். ஜூலியன் ஆனுக்கு எழுதிய நீலக் கவரை எடுக்கிறான். பிரித்துப் படிக்கிறான். 'வேலை கிடைத்துவிட்டது, புறப்பட்டு வா.' ரே அதை அடுப்பில் போடுகிறான்.

டோரீன் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் புருஷன் பார்த்தான். தெல்மா மட்டும் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் தபால் பை என் பஸ்ஸில்தான் வந்தது. அது உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டாள். "அது நடந்துச்சா, கிளெம்?"

"இல்ல."

"அப்ப எட்வின் எதுக்கு அப்படி எழுதணும்?"

"கற்பனை. அவன் பொழப்பே அதுதானே."

"மத்ததெல்லாம் நடந்ததாத்தானே இருக்கு. இது மட்டும் கற்பனையா?"

நேற்று ஜாக் லூயிஸ் கிழவர் ஏறினார். தபால் பெட்டியில் போட ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "உங்கிட்ட குடுக்கலாமாப்பா? அடுப்பு கிடுப்பு வச்சிருக்கியா?" எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னால் முடியவில்லை.

நேராகக் கேட்கிறேன். எழுபத்து மூன்றில் நீ அவளுக்கு எழுதினாயா? எழுதியிருந்தால், சத்தியமாக அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. எழுதவில்லை என்றால் அதை அவளிடம் சொல். உன் கைப்பட எழுதி அனுப்பு.

கிளெம்

*

கேம்டன்
18 அக்டோபர்

கிளெம்,

எழுதவில்லை. ஒரு வரிகூட எழுதவில்லை.

வந்த முதல் எட்டு மாதம் ஒரு ஓட்டலின் பின்கட்டில் தட்டு கழுவினேன். பத்திரிகையில் சேரப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவன் அதை எப்படி எழுதுவேன்? அடுத்த வாரம் எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பிறகு இங்கே ஒருத்தி பழக்கமானாள். பிறகு அம்மா உங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதினாள். அதைப் படித்ததும், மறைக்க விரும்பவில்லை, எனக்கு அப்பாடா என்று இருந்தது.

முதலில் எழுதிய பிரதியில் அந்த நீலக் கவர் கிடையாது. ஜூலியன் சும்மா எழுதாமல் இருந்துவிடுகிறான், அவ்வளவுதான். தயாரிப்பாளர் அம்மாள் படித்துவிட்டு, "இவன எதுக்காக ஜனங்க மன்னிக்கணும்?" என்று கேட்டாள். கடிதம் போட்டதாகவும் அது போய்ச் சேராததாகவும் மாற்றலாமே என்றாள். போய்ச் சேரவில்லை என்றால் நடுவில் யாராவது எடுத்திருக்க வேண்டும். தபால் பை யார் கையில் இருந்தது? பேனா தானாக அங்கே போய்விட்டது. எழுதி முடித்த அன்று எனக்கே நான் நல்லவனாகத் தெரிந்தேன்.

இதோடு தெல்மாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். அவளிடம் கொடு. ஞாயிறு மூன்றாம் பகுதி. அதில் ஆனுக்கு விஷயம் தெரிந்து, ரேயை விட்டுவிட்டு ரயிலேறிப் போகிறாள். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதற்கு மேல் என்னால் எதுவும் ஆகாது.

எட்வின்

*

பணிமனை
24 அக்டோபர்

எட்வின்,

உன் கடிதத்தைக் கொடுத்தேன். சமையல்கட்டில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். மடித்து உறையில் வைத்தாள். "தம்பிய விட்டுக் குடுக்காம எழுதியிருக்கான். அவனுக்கு எப்பவும் நல்ல மனசு" என்றாள்.

நான் கத்திவிட்டேன். "அவனே எழுதலேங்கறான், தெல்மா!"

"அப்படித்தான் சொல்லுவான். பழி தன் மேலயே இருக்கட்டும்னு."

மூன்றாம் பகுதியையும் பார்த்தாள். நான் வெளியே போய்க் கோழிக் கூண்டைக் கழுவினேன்.

இதைவிட மோசம் ஒன்று நடந்தது. பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கும் நம் பழைய தபால்காரர் டட்ஜை தெல்மா கடைத்தெருவில் பார்த்துக் கேட்டிருக்கிறாள், லண்டனிலிருந்து அவள் பேருக்கு எப்போதாவது தபால் வந்ததா என்று. கிழவர் யோசித்துவிட்டு, "வந்துச்சேம்மா. நீலக் கவர். நல்லா ஞாபகம் இருக்கு" என்றாராம். நான் அவர் வீட்டுக்கே ஓடினேன்.

"மிஸ்டர் டட்ஜ், அது நீங்க டிவியில பாத்த கவர்."

"டிவியில பாத்ததும் நீலம்தான். அதப் பாத்துதான் ஞாபகமே வந்துச்சு."

பொய் சொல்கிற மனுஷர் இல்லை அவர். நிஜமாகவே நம்புகிறார். அவரிடம் போய் நான் எதைப் பேசுவது?

தெல்மா சண்டை போடவில்லை. போட்டால் தேவலை. தினம் சாயங்காலம் உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொல்கிறாள், "ஒரே ஒரு தடவ உண்மைய சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். சின்ன வயசு, என் மேல ஆசை, ஏதோ செஞ்சிட்ட. அது எனக்குப் புரியும். பொய்தான் தாங்க முடியல." நான் இல்லை என்கிறேன். ஒவ்வொரு இல்லைக்கும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்கிறது.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. ஆமாம் சொன்னால் மன்னிக்கிறாள், இல்லை சொன்னால் மன்னிக்க மாட்டேன் என்கிறாள். நீயே சொல்.

கிளெம்

*

கேம்டன்
26 அக்டோபர்

கிளெம், சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லாதே.

நீ வேண்டாம் என்று சொல்லியும் நேற்றுச் சாயங்காலம், அவள் வேலையிலிருந்து திரும்பி நீ இன்னும் பணிமனையில் இருக்கும் நேரம் பார்த்து, வீட்டுக்குப் போன் செய்தேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். எடுத்த எடுப்பில் சொன்னேன், "தெல்மா, நான் உனக்கு எழுதவே இல்ல. அதுதான் நிஜம்." அவள் சிரித்தாள். "சின்னப் பையன்லேர்ந்து நீ அவனுக்காக அடி வாங்கினவனாச்சே, எட்வின்" என்றாள். நான் எப்போது அடி வாங்கினேன்? அதுவும் முதல் பகுதியில் நான் எழுதிய காட்சிதான். வாத்தியாரிடம் ரேக்காக ஜூலியன் பிரம்படி வாங்குகிறான். நிஜத்தில் உன்னைக் காட்டிக் கொடுத்தவன் நான்.

அவளிடம் நான் இனி என்ன சொன்னாலும் அது ஜூலியன் சொன்னதாகிவிடுகிறது. நீயும் ரே ஆகிவிடாதே.

எட்வின்

*

பணிமனை
2 நவம்பர், வெள்ளி

எட்வின்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம். அவள் வழக்கம்போலக் கேட்டாள். நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆமா, நான்தான் எடுத்தேன், எரிச்சிட்டேன்" என்றேன். சொல்லி முடித்ததும் ஏதோ உண்மையையே சொன்ன மாதிரி எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தாள். "இப்பவாவது சொன்னியே" என்றாள்.

ஐந்து நாள், எட்வின். ஐந்து நாள் அவள் நன்றாக இருந்தாள். சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை எட்டுப் பத்துக்கு வண்டியை எடுக்கப் போகிறேன். நிறுத்தத்தில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் தெல்மா. நீலக் கோட்டு போட்டிருந்தாள், கையில் பெட்டி. நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படியேறி என் முன்னால் நின்றாள். "லட்லோ. ஒண்ணு."

"தெல்மா..."

"போறதுக்கு மட்டும்."

பின்னால் மிஸஸ் பெவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மெஷினைத் திருகினேன். டிக்கெட் வந்தது. கிழித்துக் கொடுத்தேன். அவள் நடுவில் ஒரு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்வது? வழியில் ஏறுகிறவர்களையும் சேர்த்துப் பதினாலு பேர் வேலைக்குப் போக வேண்டும்.

நாற்பது நிமிடம் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. ஸ்டேஷன் நிறுத்தத்தில் அவள் இறங்கும்போது என் பக்கத்தில் நின்றாள். "கோவம் இல்ல, கிளெம். வா-ன்னு ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். நான் போகல. எதுக்குப் போகலேன்னாவது அவன்கிட்ட நேர்ல சொல்லிடணும்." நான் எதுவும் சொல்வதற்குள் மிஸஸ் பெவன் பின்னாலிருந்து, "இறங்கிப் புடிடா, கழுதை!" என்று கத்தினாள். பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தெல்மா இறங்கிவிட்டாள். நான் கதவைச் சாத்தினேன்.

இதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். உன் கைக்கு வருவதற்குள் அவளே வந்திருப்பாள். ரயிலில் அவளுக்குத் தலைவலி வரும். சூடாக டீ கொடு. மற்றதை நீ பார்த்துக்கொள். அவளிடம் எது சொன்னால் நல்லது என்று எனக்கு இனிமேல் தெரியாது.

கிளெம்

*

கேம்டன்
3 நவம்பர்

கிளெம்,

நேற்று மூன்று மணிக்கு வந்தாள். உன் கடிதம் இன்றுதான் வந்தது. எதுவும் தெரியாமல் கதவைத் திறந்தேன்.

கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "கிளெம் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான். உனக்கு நான் பதில் போடாததுக்குக் காரணம் அதுதான்" என்றாள். பதினோரு வருஷமாக என்னைக் காக்க வைத்துவிட்டதாக அவள் மன்னிப்புக் கேட்டாள், கிளெம். என்னிடம்.

என் வாய்ச்சொல்லை அவள் நம்ப மாட்டாள் என்று தெரியும். அலமாரியிலிருந்து 'மலைச்சாலை'யின் முதல் பிரதியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அதில் கடிதமே இல்லை. இரண்டாம் பகுதி ஆரம்பத்தில், ஓரத்தில், தயாரிப்பாளர் அம்மாளின் பச்சை மைக் கையெழுத்து: 'இவனைக் காப்பாற்ற ஏதாவது வேண்டும். கடிதம் தொலைந்தால்?' அதற்குக் கீழே என் கையெழுத்து: 'சரி. தம்பி எரிக்கிறான்.'

அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"எழுதவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு அட்டைகூட?"

"இல்ல, தெல்மா."

நான் டீ போட்டேன். குடித்தாள். "அப்ப அவன் எதுக்கு ஆமான்னான்?" என்று கேட்டாள். "நீ கேட்டுக்கிட்டே இருந்தியாம். உனக்காகத்தான் சொன்னான்" என்றேன். கோப்பையைக் கழுவி வைத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள். ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றேன். "வேணாம், நீ வழியனுப்பினா நல்லா இருக்காது" என்றாள். எங்கே போகிறாள் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மாடி ஜன்னலிலிருந்து அவள் தெரு திரும்பும் வரை பார்த்தேன்.

வந்து சேர்ந்தாளா? ஒரு வரி போடு.

எட்வின்

*

பணிமனை
12 நவம்பர்

எட்வின்,

போன் பண்ணியிருக்கலாம். எனக்கே சேதி இல்லை, உனக்கு எதைச் சொல்வது? ஐந்து நாள் டோரீன் வீட்டில் இருந்திருக்கிறாள். டோரீனிடமும் எதுவும் சொல்லவில்லையாம். அவளுக்குப் பின்னலாடை பின்னிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு நாற்பது வண்டியில் ஏறினாள். பெட்டியைப் பார்த்ததும் பஸ்ஸில் எல்லோரும் வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். மிஸஸ் பெவன்கூட. ஹோப்ஸ்டனில் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டாள். நான் வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டுப் போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேசையில் இரண்டு தட்டு இருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இரண்டு தட்டைப் பார்த்து ஒருத்தன் அழுவானா? நான் அழப் பார்த்தேன்.

அவள் உட்காரச் சொன்னாள்.

"செய்யாதத செஞ்சேன்னு எதுக்கு சொன்ன?"

"நீ நிம்மதியா இருக்கணும்னுதான்."

இதைச் சொல்லும்போது நல்ல பதிலாகத்தான் எனக்குத் தோன்றியது, எட்வின். எந்த மனைவியும் கேட்டால் மனமிளகுகிற பதில் என்றுகூட நினைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப எனக்கு நிம்மதி இல்லேங்கறது உனக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"டிவி வந்தப்புறம் இல்ல. முன்னாலயே. பதினோரு வருஷமா தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே தினம் என்ன பஸ்ல ஏத்தி இறக்கியிருக்க. ஒரு நாள்கூட என்னன்னு கேக்கல."

அவள் சொன்னது சரி. எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று சர்ச் வாசலில் தபால்காரர் சைக்கிள் போனபோது அவள் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று கேட்காமல் இருந்தேன். நான் எந்தக் கடிதத்தையும் எரிக்கவில்லை. ஆனால் உன்னிடமிருந்து ஒன்றும் வராத ஒவ்வொரு நாளும் பையைக் கொட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான்தான். இதை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதல் முதலாகச் சொல்கிறேன்.

இப்போது அவள் நம் அம்மாவின் பழைய அறையில் படுத்துக்கொள்கிறாள். சமைக்கிறாள். மழை வருமா என்று கேட்கிறாள். எட்டுப் பத்துக்கு வேலைக்கு வருகிறாள், டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்காருகிறாள். அவள் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. நான் அவள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்? உனக்குத் தெரிந்தால் எழுது. எங்களுக்கு வசனம் எழுதுகிறவன் நீதானே.

கிளெம்

*

கேம்டன்
17 நவம்பர்

கிளெம்,

நான்கு நாளாக மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் என் கை முதலில் செய்தது என்ன தெரியுமா? நோட்டுப் புத்தகத்தை இழுத்து, தெல்மா சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டது. எழுதி முடித்துவிட்டு, நல்ல காட்சி என்று நினைத்தேன். அப்புறம்தான் நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனால் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பதில் எனக்கும் தெரியவில்லை.

எட்வின்